ஃபால்டி டவர்ஸ் சிபிலா நடிச்ச ப்ருனெல்லா ஸ்கேல்ஸ்: மேடை, ரேடியோ, டிவின்னு அவங்க மத்த வேலையை எங்கேர்ந்து பாக்க ஆரம்பிக்கறது?

கோடம்பாக்கம்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு அமெச்சூர் ட்ரூப்ல நடிக்கறேன், பகல்ல ஆபீஸ், சாயங்காலம் ரிகர்சல். வர்ற கோடை நாடக விழாவுக்கு ஒரு காமெடி ரெடி பண்ணிட்டிருக்கோம். கதைப்படி திருவல்லிக்கேணியில ஒரு மெஸ், வீட்டுக்காரர் நடத்தறாரு, ஆனா நிஜத்துல நடத்தறது அவர் சம்சாரம், அந்த சம்சாரம்தான் நான். முதல் சீன்லேர்ந்து கடைசி சீன் வரைக்கும் புருஷனை அதட்டிக்கிட்டே இருக்கற ரோல். டைரக்டர் சார் "ஃபால்டி டவர்ஸ்னு பிபிசியில வந்த ஹோட்டல் காமெடி தொடர் பாரும்மா, அதுல சிபில்னு ஒரு அம்மா வருவாங்க, அதான் உனக்கு பாடம்"னு சொன்னாரு.

பாத்துட்டேன். மொத்தமே 12 எபிசோட்தானே, 1975ல 6, 1979ல 6. முதல்ல எல்லாரும் மாதிரி புருஷன் பேசிலா வர்ற ஜான் க்ளீஸ் குதிக்கறதைத்தான் பாத்து சிரிச்சேன், ரெண்டாவது வாட்டி போட்டப்ப கண்ணு முழுக்க அந்த அம்மா மேலயே போயிடுச்சு. அவர் ஆறடிக்கு மேல நின்னுக்கிட்டு கத்து கத்துன்னு கத்தறாரு, இவங்க அவர் தோளுக்குதான் வர்றாங்க, பேரை ஒரே ஒரு வாட்டி சொன்னா போதும் மனுஷன் அப்படியே நின்னுடறாரு. அந்த அதிகாரம் எங்கேர்ந்து வருதுன்னு எனக்கு பிடிபடல. எங்க ரிகர்சல்ல நான் அதட்டினா வெறும் சத்தமாத்தான் இருக்கு, பாக்கறவங்களுக்கு எரிச்சல்தான் வரும்னு எனக்கே தெரியுது.

அவங்க 2025 அக்டோபர்ல 93 வயசுல காலமானப்போ வந்த செய்திகள்ல மேடை, ரேடியோ, டிவி மூணுலயும் அறுபது வருஷத்துக்கு மேல இருந்தாங்கன்னு படிச்சேன். இங்க வெளிநாட்டு நாடகம், ரேடியோ நாடகம்லாம் தெரிஞ்ச பெரியவங்க இருக்கீங்க. எதுல ஆரம்பிச்சாங்க, சிபிலுக்கு முன்னாடி பின்னாடி என்ன பண்ணாங்க, எதையெல்லாம் தேடிப் பாக்கலாம் கேக்கலாம், கொஞ்சம் சொல்லுங்க. ரேடியோவுல நடிச்சது மேடைக்கு உதவுமா? எங்க ட்ரூப்ல ரேடியோ நாடகம் எல்லாம் முடிஞ்சு போன விஷயம்னு சொல்றாங்க.

மந்தைவெளி_ரசிகர்:

நல்ல கேள்வி கேட்டிருக்கீங்கம்மா. நான் இவங்களை எண்பதுகள்ல வீடியோ கேசட்லேர்ந்து ஃபாலோ பண்றவன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதிடறேன்.

பொறந்தது 1932 ஜூன் 22, இங்கிலாந்துல சர்ரே பக்கம் சட்டன் அபிங்கர்ங்கற கிராமம். நிஜப் பேர்ல குடும்பப் பேர் இல்லிங்வொர்த். அம்மா நடிகை, அம்மாவோட குடும்பப் பேர்தான் ஸ்கேல்ஸ், மேடைக்கு அதை எடுத்துக்கிட்டாங்க. ஓல்ட் விக் தியேட்டர் ஸ்கூல்ல படிச்சுட்டு 1951ல பிரிஸ்டல் ஓல்ட் விக்ல வேலைக்கு சேந்தாங்க. என்ன வேலைன்னு நினைக்கறீங்க? அசிஸ்டென்ட் ஸ்டேஜ் மேனேஜர். அதாவது ப்ராப்பர்ட்டி எடுத்து வைக்கறது, சைட்ல நின்னு ப்ராம்ப்ட் பண்றது, யார் எப்ப உள்ள வரணும்னு கவனிக்கறது, நடுவுல சின்னதா ஒரு ரோல் கிடைச்சா பண்றது. நம்ம சபா நாடகத்துலயும் பெரிய ஆளா வந்தவங்க பல பேர் சைட் விங்ல நின்னு ப்ராம்ப்ட் பண்ணி வந்தவங்கதான், உங்களுக்கே தெரியும். எதிராளி டயலாக் முழுசும் மனப்பாடம் ஆகற இடம் அதுதான்.

அடுத்த வருஷமே, 1952ல, பிபிசி டிவியில ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ் தொடர்ல கடைக்குட்டி லிடியா. அப்பல்லாம் டிவி நாடகம்னா லைவ், கேமரா முன்னாடி நடிக்கறது அதே நிமிஷம் வீட்டுல தெரியும், ரீடேக்னு ஒண்ணு கிடையாது. 1954ல டேவிட் லீன் எடுத்த ஹாப்சன்ஸ் சாய்ஸ் படத்துல செருப்புக் கடைக்காரர் சார்ல்ஸ் லாட்டனோட மூணு பொண்ணுங்கள்ல ஒருத்தி. அப்புறம் தி மேட்ச்மேக்கர் நாடகத்தோட 1955ல நியூயார்க் போனாங்க. இங்க ஒரு விஷயம் எனக்கு ரொம்ப பிடிச்சது: பிராட்வே மேடையில தினம் நடிச்சுக்கிட்டே, அந்த ஊர்ல ஊட்டா ஹாகன்ங்கற பெரிய ஆசிரியைகிட்ட நடிப்பு கத்துக்க க்ளாஸுக்கு போனாங்க. ஏற்கனவே ஸ்கூல் முடிச்சு, படம் பண்ணி, பிராட்வே வந்த பொண்ணு திரும்பவும் மாணவியா போய் உக்காந்திருக்கு. நம்மாளுங்க ஒரு நாடகம் ஹிட் ஆனா ரிகர்சலுக்கே லேட்டா வருவாங்க.

1961ல கொரோனேஷன் ஸ்ட்ரீட்ங்கற டிவி தொடர்ல பஸ் கண்டக்டரா கொஞ்ச நாள். 1963லேர்ந்து 66 வரைக்கும் ரிச்சர்ட் ப்ரையர்ஸோட மாரேஜ் லைன்ஸ், புதுசா கல்யாணம் ஆன ஜோடியோட சண்டை சமாதானம், அது பிபிசியில நல்லா ஓடின காமெடி, வீட்டு வீட்டுக்கு தெரிஞ்ச முகம் ஆனது அதுலதான். இதெல்லாம் முடிஞ்சு 43வது வயசுலதான் சிபில் வருது. நீங்க பாத்த அந்த அதிகாரத்துக்கு பின்னாடி அதுக்குள்ள 24 வருஷ வேலை இருக்கு.

ஒரு சின்ன விஷயம். நம்ம மெட்ராஸ் தூர்தர்ஷன் ஆரம்பிச்சது 1975 ஆகஸ்ட் 15. ஃபால்டி டவர்ஸ் முதல் எபிசோட் அங்க வந்தது அதே வருஷம் செப்டம்பர் 19. இங்க ஊர்ல மொத்தமே கொஞ்சம் டிவி பெட்டிங்கதான், பக்கத்து வீட்டு ஹால்ல தரையில உக்காந்து பாத்தோம். அப்புறம் செவ்வாய்க்கிழமை நாடகம்னு வந்தப்போ சபா நடிகர்கள்தான் டிவிக்கும் போனாங்க, அதே மாதிரிதான் அங்கயும் மேடைக்காரங்கதான் டிவியை கட்டினாங்க.

அடையாறு_வாசகி:

சிபில் பத்தி நான் சொல்றேன், இந்த ரோல் எப்படி வந்துச்சுன்னு படிச்சிருக்கேன்.

எழுதினது ஜான் க்ளீஸும் அவர் அப்போதைய மனைவி கானி பூத்தும், அதுல பாலிங்கற வெயிட்ரஸா வர்றவங்களும் கானிதான். சிபிலுக்கு முதல்ல கேட்டது பிரிட்ஜெட் டர்னர்ங்கற நடிகையை, அவங்க வேணாம்னுட்டாங்க. அப்புறம் ப்ருனெல்லாகிட்ட ஸ்க்ரிப்ட் போச்சு. ஜான் க்ளீஸை பாத்தப்போ இவங்க கேட்ட முதல் கேள்வி, இந்த ரெண்டு பேரும் எதுக்கு கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கங்கறதுதான். அவர்கிட்ட பதில் இல்ல, இதை கேட்டுடுவீங்களோன்னுதான் பயந்துட்டு இருந்தேன்னு சொன்னாராம்.

எழுதினவர்கிட்ட பதில் இல்லன்னதும் இவங்களே ஒரு பதில் கட்டிக்கிட்டாங்க. சிபில் வீட்டுல ஏற்கனவே ஹோட்டல் தொழில், கடலோர ஊர்ல வியாபாரம் பண்ற குடும்பம். பேசில் கொஞ்சம் உசந்த இங்கிலீஷ் பேசறவன், பெரிய இடத்து பையன் மாதிரி தெரிஞ்சான், அதுல மயங்கிட்டா. கல்யாணம் ஆனப்புறம்தான் தெரியுது இவனுக்கு வேலையும் தெரியாது மனுஷங்களோட பழகவும் தெரியாதுன்னு. அதனாலதான் சிபிலோட பேச்சு, தலை அலங்காரம், டிரெஸ் எல்லாம் அவனைவிட ஒரு படி கீழ இருக்கற வர்க்கத்து பொண்ணு மாதிரி வெச்சாங்க. எழுதினவங்க மனசுல இருந்த சிபில் வேற மாதிரி, முதல்ல அவங்களுக்கு கொஞ்சம் கலக்கமாத்தான் இருந்துச்சாம், போகப் போக இதுதான் சரின்னு ஆயிடுச்சு.

இப்ப திரும்ப பாருங்க. சிபிலுக்கு தொழில் தெரியும். கெஸ்ட்டுகிட்ட சிரிச்சு பேசத் தெரியும், பில்லு தெரியும், சமையக்காரனை சமாளிக்கத் தெரியும். அவ அதட்டறது கோவத்துல இல்ல, இவனைவிட எனக்கு இந்த வேலை தெரியும்ங்கற நிச்சயத்துல. அதான் சத்தம் போடாமலே எடுபடுது. உங்க மெஸ்காரம்மாவும் அப்படித்தான, நிஜத்துல மெஸ் நடத்தறதே நீங்கதான்னு எழுதியிருக்கீங்களே.

இன்னொண்ணு, அந்த போன் சீன் எல்லாத்தையும் தனியா எடுத்து பாருங்க. ரிசப்ஷன்ல ஸ்டூல்ல உக்காந்து, ரிசீவரை தோளுக்கும் காதுக்கும் நடுவுல வெச்சுக்கிட்டு, நகத்தை ராவிக்கிட்டே ஃப்ரெண்ட் ஆட்ரிகிட்ட பேசுவாங்க. "ஓ ஐ நோ... ஓ ஐ நோ..." இதுதான் டயலாக், வேற ஒண்ணும் பெருசா இல்ல. அந்தப் பக்கம் என்ன சொல்றாங்கன்னு நமக்கு கேக்காது. ஆனா ஒவ்வொரு "ஐ நோ"வும் வேற, ஒண்ணுல பரிதாபம், ஒண்ணுல அட அப்படியாங்கற ஆசை, ஒண்ணுல எனக்கு முன்னாடியே தெரியும்ங்கற பெருமை. நடுவுல விடற இடைவெளி கூட ஒரே அளவுல இருக்காது, அந்தப் பக்கம் ஒரு நிஜ ஆள் பேசற நேரம் அது. ஆட்ரியோட வாழ்க்கையே நமக்கு தெரிஞ்சிடும், அவங்களை கண்ணால பாக்கறது ஒரே எபிசோட்லதான்னாலும்.

கோடம்பாக்கம்காரி:

மேடம், ரொம்ப நன்றி. எதுக்கு கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கங்கறது எங்க ஸ்க்ரிப்ட்லயும் இல்ல, நானும் கேக்கல, ட்ரூப்ல யாரும் கேக்கல. எங்க டிராமாவுல அந்தம்மாவுக்கு பொறந்த வீடுன்னு ஒண்ணு இருக்கறதாவே ஒரு வரி கிடையாது. இதை டைரக்டர்கிட்ட பேசணும்.

ரேடியோ பத்தி யாராவது சொல்லுங்களேன்.

பீச்ரோடு_அக்கா:

ரேடியோன்னதும் வந்துட்டேன். நான் பல வருஷம் சென்னை வானொலியில நாடகக் கலைஞரா இருந்தவ, ஆடிஷன் பாஸ் பண்ணி கிரேட் வாங்கி, காமராஜர் சாலை ஸ்டூடியோவுல பேசினவ. அதனால எனக்கு இந்தம்மா முதல்ல ரேடியோ நடிகை, அப்புறம்தான் மத்ததெல்லாம்.

நீ கட்டாயம் கேக்க வேண்டியது ஆஃப்டர் ஹென்றி. எழுதினது சைமன் ப்ரெட். பிபிசி ரேடியோ 4ல 1985லேர்ந்து 1989 வரைக்கும் வந்துச்சு. கதை நம்ம வீட்டுக் கதைதான். ஹென்றிங்கற டாக்டர் விபத்துல போயிடறாரு, அவர் சம்சாரம் சாராதான் ப்ருனெல்லா. ஒரே வீட்டுல வயசான அம்மா, நடுவுல இவ, அப்புறம் வயசுக்கு வந்த மக. அம்மாவுக்கு மகளை விரல்ல வெச்சு ஆட்டணும், மகளுக்கு அம்மா கண்ணுல படாம வாழணும், நடுவுல இருக்கறவ ரெண்டு பக்கமும் மத்தளம் மாதிரி அடி வாங்கணும். வெளிய மூச்சு விட ஒரு புஸ்தகக் கடை வேலை. அவ்ளோதான், பெரிய சம்பவம் எதுவும் கிடையாது. மூணு பொம்பளைங்க பேசறதுதான் நாடகம்.

இதை டிவிக்கு எடுக்க பிபிசி டிவி பக்கம் ஆர்வம் காட்டல, தேம்ஸ் டெலிவிஷன் எடுத்து 1988லேர்ந்து 1992 வரைக்கும் ஓட்டுனாங்க, நல்ல வரவேற்பு. ரேடியோவுலயும் டிவியிலயும் அம்மாவா வந்தது ஜோன் சான்டர்சன். உனக்கு அவங்களை தெரியும், ஃபால்டி டவர்ஸ்ல காது கேக்காத, கேக்கற மெஷினை ஆஃப் பண்ணி வெச்சுக்கிட்டு எல்லாரையும் விரட்டற மிஸஸ் ரிச்சர்ட்ஸ் வருவாங்களே, அவங்களேதான். அதுல ப்ருனெல்லா ஹோட்டல்காரி, இவங்க கெஸ்ட். இதுல அம்மா மக. ரெண்டையும் பக்கத்துல வெச்சு பாத்தா அதே ரெண்டு குரல் எப்படி வேற உறவா மாறுதுன்னு தெரியும். சிபில்ல மேல ஏறி நிக்கற குரல், சாராவுல பாதியிலயே நின்னுடும், ஒரு வாக்கியம் ஆரம்பிச்சு அம்மா குறுக்க வந்ததும் முழுங்கிடுவாங்க. அந்த முழுங்கறது ரேடியோவுல கேக்கும். அதுதான் கஷ்டம்.

ரேடியோ உதவுமான்னு கேட்டியே. ஸ்டூடியோவுல எங்களுக்கு முகம் கிடையாது, கை கிடையாது, புடவை கிடையாது. பேப்பரை கையில பிடிச்சுக்கிட்டு நிக்கணும், பக்கம் புரட்டற சத்தம் மைக்ல விழக்கூடாதுன்னு தாளை நுனியில பிடிச்சு மெதுவா பின்னாடி தள்ளுவோம். கோவமா பேசணும்னா மைக்கை விட்டு அரை அடி பின்னாடி போகணும், ரகசியம்னா உதடு மைக்கை தொடற மாதிரி வரணும், வாசல்லேர்ந்து வர்ற ஆள்னா நிஜமாவே தள்ளி நின்னு பேசிக்கிட்டே நடந்து வரணும். இதுல முக்கியமானது எதிராளி பேசறப்போ நீ என்ன பண்றங்கறது. மேடையில தலையாட்டிடலாம், ரேடியோவுல தலையாட்டினா யாருக்குத் தெரியும்? மூச்சுல காட்டணும். ஒரு "ம்", ஒரு மூச்சு இழுக்கறது, அதுல நீ கேக்கறது தெரியணும். அடையாறு மேடம் எழுதின போன் சீன் இருக்கே, அது அச்சு அசல் ரேடியோக்காரி பண்ற வேலை.

இன்னொண்ணு லேடீஸ் ஆஃப் லெட்டர்ஸ். 1997லேர்ந்து ரேடியோ 4ல. பெட்ரிஷியா ரூட்லெஜ்ஜும் இவங்களும். வயசான ரெண்டு பொம்பளைங்க ஒருத்தருக்கு ஒருத்தர் எழுதற லெட்டர், அதை அவங்கவங்க குரல்ல படிக்கறாங்க, நேருக்கு நேரா பேச்சே கிடையாது. மேல் பூச்சுல மரியாதை, உள்ள ஊசி. நம்ம ஊர்ல சம்பந்தியம்மாக்கள் எழுதிக்கற லெட்டர் மாதிரியே இருக்கும், கேட்டா விழுந்து விழுந்து சிரிப்ப. ரூட்லெஜ்ஜும் 2025 அக்டோபர்ல போயிட்டாங்க, ஒரே மாசத்துல ரெண்டு பேரும். எனக்கு அந்த மாசம் மனசே சரியில்ல.

ரேடியோ நாடகம் முடிஞ்சு போச்சுன்னு சொல்றவங்ககிட்ட நான் வாதம் பண்ணத் தயார். உங்க ட்ரூப் ஸ்க்ரிப்டை ஒரு நாள் லைட்டை அணைச்சுட்டு எல்லாரும் உக்காந்து படிங்க. எந்த டயலாக் வெறும் முகபாவத்துல ஓடிக்கிட்டிருக்குன்னு தெரிஞ்சிடும்.

கேகேநகர்_நாடகக்காரன்:

எல்லாரும் அந்தம்மா திறமையை சொல்றீங்க, ஒத்துக்கறேன், நானும் ரசிகன்தான். ஆனா திறமைன்னு மட்டும் சொல்லி விட்டுட்டா நம்ம ஊர் பொண்ணுங்களுக்கு அது நியாயமா இருக்காது.

அங்க ரெபர்ட்டரின்னு ஒரு முறை இருந்துச்சு. ஒவ்வொரு ஊர்லயும் ஒரு தியேட்டர், அதுக்கு சம்பளம் வாங்கற ஒரு நடிகர் கூட்டம், ஒரு நாடகம் ஓடிக்கிட்டிருக்கறப்பவே பகல்ல அடுத்த நாடகத்துக்கு ரிகர்சல். இந்த வாரம் வேலைக்காரி, அடுத்த வாரம் ராணி, அதுக்கடுத்து கிழவி. இருபத்தஞ்சு வயசுக்குள்ள ஒரு பொண்ணு எத்தனை விதமான ரோல் பண்ணியிருப்பா யோசிச்சு பாருங்க. மந்தைவெளி சார் சொன்ன பிரிஸ்டல் ஓல்ட் விக் அப்படிப்பட்ட இடம்தான். அதுக்கு மேல பிபிசி ரேடியோன்னு ஒண்ணு, வருஷம் முழுக்க நாடகத்துக்கு காசு குடுத்து ஆள் எடுக்குது. மேடை இல்லாத மாசம் ரேடியோ, ரேடியோ இல்லாத மாசம் டிவி. நடிகைக்கு சோறு நிக்காது.

இங்க நிலைமை என்ன? ட்ரூப்ல இருக்கற எல்லாரும் பேங்க்லயோ கம்பெனியிலயோ வேலை பாக்கறோம். சபா ஒரு நாள் குடுத்தா ஒரு ஷோ, அதுல செட்டு லைட்டு வேன் வாடகை போக கையில என்ன மிஞ்சும்னு எல்லாருக்கும் தெரியும். பொண்ணுங்க ரோல் முக்கால்வாசி மனைவி, மாமியார், வேலைக்காரம்மா, அதுலயும் ஜோக்குக்கு எடுத்துக் குடுக்கற வேலைதான். கல்யாணம் ஆனா பாதி பேர் நிறுத்திடறாங்க, ராத்திரி பத்து மணிக்கு வாணி மஹால்லேர்ந்து வீடு திரும்பணும்னா வீட்டுல ஒத்துக்கணும். அந்தம்மாவுக்கு 43 வயசுல சிபில், 56 வயசுல இங்கிலாந்து ராணி. நம்ம சபாவுல 43 வயசு நடிகைக்கு நாங்க என்ன எழுதறோம்? நானும் எழுதறவன், அதனால கேக்கறேன். எங்க பெண் கேரக்டர்களுக்கு தொழில் குடுங்க, பொறந்த வீடு குடுங்க, ஒரு ஆசை குடுங்கன்னு எழுதற எல்லார்கிட்டயும் கேட்டுக்கறேன்.

அப்புறம் டெஸ்கோ சூப்பர்மார்க்கெட் விளம்பரத்துல பல வருஷம் டாட்டிங்கற நச்சரிக்கற அம்மாவா வந்தாங்க, மகளா ஜேன் ஹாராக்ஸ். அதை சில பேர் மட்டமா பேசறதை படிச்சிருக்கேன். எனக்கு அதுல ஒரு தப்பும் தெரியல. முப்பது செகண்ட்ல ஒரு முழு அம்மாவை காட்டினாங்க, அதுல வந்த பணம் இருந்ததால மேடையில பிடிச்ச நாடகத்தை பண்ண முடியும்.

கோடம்பாக்கம்காரி:

சார், நீங்க சொன்னது ஒவ்வொண்ணும் நிஜம். எங்க ட்ரூப்ல எனக்கு முன்னாடி இருந்த அக்கா ரொம்ப நல்லா பண்ணுவாங்க, கல்யாணத்துக்கப்புறம் வரவே இல்ல.

ராணின்னு சொன்னீங்களே, எந்த ராணி?

அடையாறு_வாசகி:

ரெண்டு ராணி பண்ணியிருக்காங்க, எலிசபெத்தும் விக்டோரியாவும்.

எலிசபெத்தா வந்தது ஆலன் பென்னட் எழுதின எ கொஸ்டின் ஆஃப் ஆட்ரிப்யூஷன். 1988ல லண்டன் நேஷனல் தியேட்டர்ல சிங்கிள் ஸ்பைஸ்ங்கற பேர்ல ரெண்டு குறுநாடகமா போட்டாங்க, அதுல ஒண்ணு இது. ராணி உயிரோட ஆட்சியில இருக்கறப்பவே அவங்களை நேஷனல் தியேட்டர் மேடையில ஒரு கேரக்டரா காட்டினது பெரிய விஷயம். கதை ஆன்டனி ப்ளன்ட் பத்தி, அரண்மனை ஓவியங்களுக்கு பொறுப்பா இருந்த பெரிய அறிஞர், நிஜத்துல சோவியத் உளவாளி, 1979ல ஊருக்கே தெரிய வந்துச்சு. நாடகத்துல அவர் அரண்மனை கேலரியில ஒரு படத்தை பாத்துக்கிட்டிருக்கப்போ ராணி சாதாரணமா உள்ள வந்துடறாங்க. ரெண்டு பேரும் பேசறது ஓவியம் பத்திதான், எது அசல் எது போலி, போலின்னு தெரிஞ்சா என்ன பண்றதுன்னு. ஆனா ராணிக்கு இவர் யாருன்னு தெரியுமா தெரியாதாங்கறதுதான் முழு சீனும், கடைசி வரைக்கும் யாரும் வாய் விட்டு சொல்ல மாட்டாங்க.

இதை இந்தம்மா எப்படி பண்றாங்கன்னா, ராணியோட குரலை காப்பி அடிக்கற மிமிக்ரியா பண்ணல. கைப்பையை வெச்சுக்கற விதம், நிக்கற நேர், கேள்வி கேட்டுட்டு பதிலுக்கு காத்திருக்கற அந்த பொறுமை, எல்லாம் சாதாரணமா இருக்கும், ஒரு வீட்டுக்காரம்மா தன் வீட்டு சாமானை விசாரிக்கற மாதிரி. அந்த சாதாரணத்துக்கு அடியில பயம் எடுக்குது. 1991ல பிபிசிக்காக ஜான் ஷ்லெசிங்கர் படமா எடுத்தாரு, ப்ளன்ட்டா ஜேம்ஸ் ஃபாக்ஸ். அதுக்கு இவங்களுக்கு பாஃப்டா நாமினேஷன் கிடைச்சது. 1992ல சிபிஇ பட்டமும் குடுத்தாங்க.

சிபிலையும் இந்த ராணியையும் அடுத்தடுத்து பாருங்க, ப்ளீஸ். ரெண்டு பேருமே குரலை உசத்தாம எதிர்ல இருக்கற ஆம்பளையை வேர்க்க வெக்கறவங்க. ஆனா ஒருத்தி சாயல் இன்னொருத்தி மேல ஒரு துளி படல.

விக்டோரியா வேற வகை. ஆன் ஈவ்னிங் வித் க்வீன் விக்டோரியான்னு ஒரு மேடை நிகழ்ச்சி, ராணியோட சொந்த டைரியும் லெட்டரும்தான் வசனம், கூட ஒரு பாடகர் ஒரு பியானோ. சின்னப் பொண்ணுலேர்ந்து கிழவி வரைக்கும் ஒரே ஆள். பல நாட்டுக்கு எடுத்துட்டுப் போய் 400 தடவைக்கு மேல பண்ணியிருக்காங்க. மேக்கப் மாத்தி வயசு காட்டற வேலை இல்ல, குரல்லயும் உடம்பை வெச்சுக்கற விதத்துலயும்தான் வயசு ஏறும்.

பெசன்ட்நகர்_பையன்:

நான் நாடகம்லாம் அவ்ளோ தெரியாதவன், வேற வழியா இவங்களை தெரிஞ்சுக்கிட்டேன். கிரேட் கனால் ஜர்னீஸ்னு சேனல் 4ல 2014லேர்ந்து வந்துச்சு, இவங்களும் கணவர் டிமோதி வெஸ்ட்டும் ஒரு ஒல்லியான படகுல கால்வாய் கால்வாயா போவாங்க. அவரும் பெரிய நடிகர், 1963ல கல்யாணம், மகன் சாம் வெஸ்ட்டும் நடிகர். அந்த நிகழ்ச்சி ஆரம்பிக்கறப்பவே இவங்களுக்கு வாஸ்குலர் டிமென்ஷியா, மறதி நோய். அதை மறைக்கல, கேமரா முன்னாடியே ரெண்டு பேரும் பேசுவாங்க. அவர் ஒரு விஷயத்தை திரும்ப எடுத்துக் குடுப்பாரு, இவங்க கரையில இருக்கற ஒரு பறவையை பாத்து சந்தோஷப்படுவாங்க, படகு போயிட்டே இருக்கும்.

எங்க பாட்டிக்கு அதே பிரச்சனை. வீட்டுல நாங்க என்ன பண்ணுவோம்னா, வெளி ஆளுங்க வந்தா பாட்டியை உள் ரூம்ல உக்கார வெச்சுடுவோம், ஏதாவது மாத்தி பேசிடுவாங்கன்னு. இந்த நிகழ்ச்சி பாத்ததுக்கப்புறம் எங்கம்மா அதை நிறுத்திட்டாங்க, இப்ப பாட்டி ஹால்லதான் இருக்காங்க, வர்றவங்க கிட்ட பேசறாங்க, ரெண்டு வாட்டி அதே கேள்வி கேட்டா ரெண்டு வாட்டியும் பதில் சொல்றோம். ஒரு நடிகை தன் மறதியை ஊர் பாக்க வெச்சதால மாம்பலத்துல ஒரு வீட்டுல இது மாறிச்சு. அவங்க வேலையைப் பத்தி கேட்டப்போ இதையும் சேத்துக்கணும்னு தோணிச்சு.

டிமோதி 2024 நவம்பர்ல போனாரு, ஒரு வருஷம் ஆகறதுக்குள்ள இவங்களும். போறதுக்கு முந்தின நாள் ஃபால்டி டவர்ஸ் பாத்துக்கிட்டிருந்தாங்கன்னு பசங்க சொல்லியிருந்தாங்க.

பீச்ரோடு_அக்கா:

தம்பி, நல்லா எழுதினப்பா. பாட்டிக்கு பழைய பாட்டு போட்டு விடுங்க, பேர் மறந்தாலும் பாட்டு வரி மறக்காது.

கோடம்பாக்கம்காரி:

இன்னிக்கு ரிகர்சல்ல அக்கா சொன்ன மாதிரி லைட்டை அணைச்சுட்டு படிச்சோம். என் ரோல்ல ரெண்டாவது சீன் முழுக்க வெறும் முகத்தை வெச்சு ஓட்டிக்கிட்டிருக்கேன்னு எல்லாருக்குமே தெரிஞ்சுது, வீட்டுக்காரரா பண்றவர் பேசறப்போ என் பக்கம் ஒரு சத்தமும் இல்ல, நான் அங்க இருக்கேனான்னே தெரியல. டைரக்டர்கிட்ட கல்யாணக் கேள்வியும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, அந்தம்மாவோட அப்பா கும்பகோணத்துல காபி க்ளப் வெச்சிருந்தாரு, இவன் அங்க சாப்பிட வந்தவன்னு வெச்சுக்கலாமேன்னாரு. ஒரு வரி வசனமா அதை சேக்கறாரு. அது வந்ததுமே எனக்கு சாம்பார் கரண்டியை எப்படி பிடிக்கணும்னு தெரிஞ்சு போச்சு, அப்பா கடையில பாத்து வளந்தவ பிடிக்கற பிடி.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. எனக்கு நேரம் கம்மி, எதை முதல்ல எடுக்கட்டும்?

மந்தைவெளி_ரசிகர்:

கும்பகோணம் காபி க்ளப் பிரமாதம்மா, உங்க டைரக்டருக்கு என் வணக்கத்தை சொல்லுங்க.

ஃபால்டி டவர்ஸ்ல தி ஆனிவர்சரி எபிசோடை மட்டும் இன்னொரு வாட்டி பாருங்க. கல்யாண நாளை புருஷன் மறந்துட்டான்னு நினைச்சு சிபில் கோவிச்சுக்கிட்டு காரை எடுத்துட்டு கிளம்பிடுவா. மத்த எபிசோட்ல தெரியாத ஒரு வலி அதுல தெரியும், கல்யாணம் எதுக்கு பண்ணிக்கிட்டாங்கங்கற கேள்விக்கு அவங்க வெச்சிருந்த பதில் அதுல வேலை செய்யுது. அடுத்து ஆஃப்டர் ஹென்றி, ரேடியோ வடிவம்தான் முதல்ல, டிவி அப்புறம். பஸ்ல ஹெட்போன் போட்டுக்கிட்டு கேளுங்க. மூணாவது ராணி.

இதுக்கு மேல நேரம் இருந்தா 1985, 86ல வந்த மேப் அண்ட் லூசியா, ஜெரால்டின் மெக்இவனோட போட்டி போட்டுக்கிட்டு ஊர் வம்பு பேசற மிஸ் மேப். 1996ல ஐடிவியில வந்த எம்மாவுல மிஸ் பேட்ஸ், வாய் ஓயாம பேசற ஏழை முதிர்கன்னி, எல்லாரும் சிரிக்கறாங்க, எம்மா ஒரு வார்த்தை சுருக்குன்னு சொன்னதும் அந்த வாய் மூடற இடம் இருக்கு பாருங்க, அங்க நிறுத்தி திரும்ப பாருங்க. பிபிசியோட ஷேக்ஸ்பியர் வரிசையில 1982ல தி மெர்ரி வைவ்ஸ் ஆஃப் விண்ட்சர்லயும் மிஸ்ட்ரெஸ் பேஜா வர்றாங்க, அது உங்களுக்கு இப்போதைக்கு அவசரமில்ல.

நாடகம் எந்த தேதி எந்த சபான்னு முடிவானதும் இங்க போடுங்க, நாங்க நாலு பேராவது முன் வரிசையில இருப்போம்.